துவைத்துப் போட்ட சேலை

ஆணியில் சேலை இல்லை. அருணகிரி இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். சுவர்தான் கையில் பட்டது, விரலெல்லாம் சுண்ணாம்பு. மணி ஐந்தேகால். ஒரு வருஷமாகக் கொட்டகை விளக்கைப் போடாமலே அந்த ஆணியிலிருந்து சேலையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தி, முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து பழகின கை அது. பாவம், அதற்கு வேறென்ன தெரியும், மூன்றாம் தரமும் அங்கேயே போய்த் தடவியது. கீழே விழுந்திருக்குமோ என்று விளக்கைப் போட்டார். விழவில்லை. மாடு தின்றிருக்குமோ? சேச்சே, தவிட்டிலேயே கல்லை ஒதுக்கிவிட்டுத் தின்கிற ராணி அவள், சேலையையா தின்னப் போகிறாள்? கன்று இழுத்திருக்குமோ? கன்று தன் மூலையில் கட்டிய கயிற்றோடு நின்று அவரையே பார்த்தது. அப்புறந்தான் நேற்று ராத்திரி படுக்கையில் காதில் விழுந்த அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. கடகடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடின சத்தம். வாஷிங் மிஷின். அட கடவுளே. செங்கமலத்தின் முதல் வருஷத் திதிக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிற மகள் வெண்ணிலா, வந்ததிலிருந்து வீட்டைக் கழுவி, பரணைக் கழுவி, சாமி படத்தையெல்லாம் துடைத்து, கண்ணில் பட்ட துணியையெல்லாம் வாரி மிஷினில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளை வேலை செய்கிறாளே என்று சந்தோஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார் மனுஷர். நல்லாத் தூங்கினார் போ.

கொல்லையில் கம்பிக்கொடியில் கிடந்தது. அரக்குச் சேலை, மஞ்சள் கரை, கிளிப் போட்டு நான்கு மடிப்பாக. தொட்டுப் பார்த்தார், ஈரம். மூக்கில் வைத்துப் பார்த்தார். ஏதோ பூ வாசனை. எந்த மரத்திலும் பூக்காத பூ, பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே அந்தப் பூ. அதற்கடியில் சோப்பு. சோப்புக்கடியில்? கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஆழமாக இழுத்தார். ஒன்றுமில்லை. முந்தியில் பார்த்தார், கொசுவத்துப் பக்கம் பார்த்தார், கரையோரத் தையலுக்குள் விரலை விட்டுப் பிரித்து அங்கேயும் பார்த்தார். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், ஐம்பத்திமூன்று வயது ஆள் விடிகாலையில் கொல்லையில் நின்று ஈரச் சேலையை மோந்துகொண்டிருக்கிறான் என்று. சிரிக்கட்டும். இந்த உறையூர்ச் சந்து அவரைப் பார்த்துச் சிரித்து முடித்தாகிவிட்டது. போன வருஷம் செங்கமலம் போன மறுநாளே மாடு பாலை அடக்கிக்கொண்டது. கன்றை விட்டால் கன்றுக்கு விடும், கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு வைத்தாலும் சரி, அது குடிக்கும்போதே வைத்தாலும் சரி, இவர் கை பட்டால் மடி கல்லாகிவிடும். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். டாக்டர் வந்து ஊசி போட்டார், அன்றைக்கு மட்டும் விட்டது. தினமும் ஊசி போட்டா மாடு வீணாப் போயிரும் சார், குடுத்துருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் எதிர்வீட்டு தனபாக்கியம்தான் வாசலில் நின்றபடி, "அண்ணே, அக்கா கட்டியிருந்த சேலை ஒண்ணைத் தொவைக்காம எடுத்துப் போத்திக்கிட்டு உக்காருங்க. மாட்டுக்கு ஆள் கணக்கில்ல, வாசனைதான் கணக்கு" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் பால் கறந்துவிட்டு அவசரத்தில் அவிழ்த்துப் போட்ட சேலை கொட்டகைக் கொடியிலேயே கிடந்தது. அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு, மீசையும் தொந்தியுமாக, கூச்சத்தில் குறுகி உட்கார்ந்தார். மாடு திரும்பி, தோளில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்து, புஸ்ஸென்று விட்டது. அவ்வளவுதான். காம்பெல்லாம் நிறைந்து சொட்ட ஆரம்பித்தது. அன்றைக்குத்தான், சுடுகாட்டில்கூட அழாத மனுஷர், மாட்டு வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஓவென்று அழுதார். அழுதுகொண்டே கறந்தார். அப்புறம் மாடு வற்றி, இரண்டு மாதம் கறவை இல்லாமல் நின்று, மறுபடி கன்று போட்டுக் கறவைக்கு வந்து நாலு மாதமாகிறது. ஒரு நாள்கூட அந்தச் சேலை இல்லாமல் அவர் அதைக் கறக்க உட்கார்ந்ததில்லை. துவைத்ததும் இல்லை. துவைக்கலாமா அதை? துவைக்கிற சேலையா அது?

வெண்ணிலாவைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கு யார் சொன்னார்கள்? நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "மாட்டைக் குடுத்துட்டு எங்ககூட வந்துருங்கப்பா, இங்க யாருக்காக இருக்கீங்க" என்று அவள் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். மாட்டைக் கொடுத்தால் அந்தச் சேலைக்கு வேலை இல்லை, சேலைக்கு வேலை இல்லையென்றால் உங்கம்மா இந்த வீட்டில் இல்லை என்று. எப்படிச் சொல்வது? அப்பன் மகளிடம் பேசுகிற பேச்சா அது? அவர் அவளிடம் பேசினதெல்லாம் போனில்தான். பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கொரு தரம் நாற்பது நாள் லீவு. நாற்பது நாளில் பத்து நாள் சொந்தக்காரர் வீடு, பத்து நாள் கல்யாணம் கருமாதி, மிச்சமிருக்கிற நாளில் பெட்டி கட்டுகிற வேலை. கூட்டிப் பார்த்தால் செங்கமலத்தோடு அவர் ஒரே கூரையடியில் இருந்தது எவ்வளவு இருக்கும்? இந்த மாடு அவளோடு இருந்ததில் பாதிகூடத் தேறாது. மஸ்கட் காசில் வாங்கின மாடு என்பதால் அதற்கு மஸ்கட் என்றே பேர் வைத்தாள் குறும்புக்காரி. "ஏ மஸ்கட்டு, தள்ளி நில்லு. ஏ மஸ்கட்டு, காலைத் தூக்குனே, கட்டையால அடிப்பேன்." போனில் இவர் கேட்டுச் சிரிப்பார். "யாரைடி திட்டுறே, என்னையா மாட்டையா?" "ரெண்டு பேரும் ஒண்ணுதான். ரெண்டும் தீனிக்கு மட்டும் என்னைத் தேடுது." அவளுக்கு எப்போது இந்த வாய் வந்ததோ தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். எங்கேயோ நடுவில், இவர் இல்லாத ஏதோ ஒரு வருஷத்தில், அவள் வாயாடி ஆகிவிட்டாள். தனியாக ரேஷன் வாங்கி, தனியாக வீடு கட்டி, தனியாக மாடு பிடித்து வந்து, பேங்க்காரனிடம் சண்டை போட்டு. அந்தச் செங்கமலத்தை இவருக்குச் சரியாகத் தெரியவே தெரியாது. மாட்டுக்குத் தெரியும். கேட்டால் சொல்லவா போகிறது?

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது புத்தி. மாடு வாங்கின வருஷத்து லீவு. வந்த அன்றைக்கு ராத்திரி, பெட்டியிலிருந்து சென்ட் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், "என்னடி, மாட்டு வாடை அடிக்குது. குளிச்சிட்டு வா" என்று சொன்னார். சும்மாதான் சொன்னார். கேலியாகத்தான். ஏசி ரூமிலும் ஷாம்பூ வாசனையிலும் இருந்து வந்த திமிர் கொஞ்சம் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அவள் எழுந்து போனாள். கொல்லையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. மார்கழிக் குளிர். வந்தபோது பல் தந்தியடித்தது, புதுச் சோப்பு வாசனையோடு வந்து பக்கத்தில் படுத்தாள். அப்புறம் ஒவ்வொரு லீவிலும், இவர் சொல்லாமலே, குளித்துவிட்டுத்தான் வந்து படுத்தாள். சோப்பு வாசனைதான் இவருக்குக் கிடைத்தது. தவிடும் சாணியும் வேர்வையும் மஞ்சளும் வெற்றிலையும் சேர்ந்த அந்த நிஜ வாசனை மாட்டுக்குக் கிடைத்தது. அவள் செத்த பிறகு, அந்தச் சேலையைப் போர்த்திக்கொண்ட அன்றைக்குத்தான், ஓகோ, இதுவா நீ, இதுவா என் பொண்டாட்டி என்று இவருக்குத் தெரிந்தது. குளிச்சிட்டு வா என்று சொன்ன வாயை என்ன செய்யலாம்? சொல்லாமல் இருந்திருக்கலாம். சும்மாதான் சொன்னார். இருந்தாலும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஈரச் சேலையையே போர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் போனார். சில்லென்று முதுகில் ஒட்டியது. வேறு வழி? நேரமாகிறது, ஆறு வீட்டுக்குப் பால் போகணும், அதைவிட மடி கனத்து நிற்கிறது, அதற்கும் வலிக்குமில்லையா. கன்றை அவிழ்த்துவிட்டு இரண்டு முட்டு முட்டவிட்டுப் பிடித்துக் கட்டினார். மடியைக் கழுவினார். விளக்கெண்ணெய் தொட்டுக் காம்பில் தடவினார். வாளியை முட்டியிடுக்கில் வைத்துக்கொண்டு, "மஸ்கட்டு, அம்மா வந்திருக்கேன் பாரு" என்றார், வழக்கமாகச் சொல்கிறதுதான். இன்றைக்கு அது பொய் சொல்வதுபோல அவருக்கே இருந்தது. மாடு கழுத்தைத் திருப்பியது. தோளில் மூக்கை வைத்தது. சடாரென்று தலையை உதறிக்கொண்டு, காதை மடக்கி, ஓரடி பின்னால் நகர்ந்தது. காம்பைப் பிடித்தார். கல். நான்கு காம்பும் கல். இழுத்தார், ஒரு சொட்டு வந்தது, நின்றது. தடவினார், கெஞ்சினார், மடியை வெந்நீரால் ஒற்றினார். மறுபடி சேலை நுனி அதன் மூக்கில் பட்டதும் காலைத் தூக்கி ஒரு உதை. வாளி உருண்டுபோய்ச் சுவரில் மோதி, டங்கென்ற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். முடிந்தது, என்று நினைத்துக்கொண்டார். நாளைக்கும் இப்படித்தான். நாளன்றைக்கும். மடிநோய் வரும், காம்பு வீங்கும், டாக்டர் அதே பேச்சைப் பேசுவார், தரகர் வருவார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் இவர் சென்னையில் எட்டாவது மாடியில் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காலையில் ஐந்தேகாலுக்கு விழிப்பு வரும், வரத்தான் செய்யும். எழுந்து எங்கே போவது? யாருக்குத் தண்ணி காட்டுவது? மருமகன் நல்ல பையன்தான், பேப்பரை முதலில் இவரிடம் கொடுப்பான். பேப்பர் படிக்கிறதற்கா மனுஷன் விடிகாலையில் எழுந்திருக்கிறான்? மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் ஆறு பேர் படுக்கிற அறையில் ஒருவராகப் படுத்துக்கிடந்து, ஊருக்குப் போய் செங்கமலத்தோடு இருக்கப் போகிறோம், இருக்கப் போகிறோம் என்று நாளை ஓட்டி, வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கின நாலாம் மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். மிச்சமிருந்தது இந்த மாடு. இதைக் கறக்கப் பழகி, இதற்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் கோணியை விரித்துப் படுத்து, இது கன்று போட்டபோது டாக்டர் வருவதற்குள் இவரே முழங்கைவரை கையை விட்டுக் கன்றை இழுத்துப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆளாகி நிற்கிறார். இதையும் விட்டால் அவர் யார்? ஏசி மெக்கானிக்கா? யாருடைய ஏசி?

"என்னப்பா சத்தம்?" வெண்ணிலா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, கொண்டையைப் போட்டபடியே வந்தாள். ஈரச் சேலைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"சேலையைத் தொவைச்சியா?"

"ஆமாம்ப்பா. அது கொட்டகையில..."

"யாரைக் கேட்டுத் தொவைச்சே?" அவருக்கே தெரியாத ஒரு குரல் அவர் வாயிலிருந்து வந்தது. "யாரைக் கேட்டுடி தொவைச்சே? ஒரு வருஷம்! ஒரு வருஷமா அதைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். இருக்கிற இடந்தெரியாம ஆக்கிட்டியே உங்கம்மாவை!" மகளை அவர் திட்டினதே இல்லை. போனில் எப்படித் திட்டுவது, நிமிஷத்துக்கு ஆகிற காசுதானே வீண். அத்தனை வருஷத்துத் திட்டும் சேர்ந்து வந்தாற்போல வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபமெல்லாம் வடிந்துபோய் அசதிதான் மிஞ்சியது. தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு. சேலையை உருவிக் கொட்டகையை ஒட்டின முள்வேலி மேல் எறிந்தார். பனியனோடு நின்றார். "போம்மா. போய் தரகருக்குப் போன் போடு. நம்பர் காலண்டர்ல எழுதியிருக்கு. இன்னிக்கே வந்து பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கன்றை அவிழ்த்துவிட்டார். குடிக்கட்டும், அதுவாவது வயிறு நிறையக் குடிக்கட்டும். யாருக்காகப் பிடித்துக் கட்டுவது இனிமேல்? மாட்டுப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, அதன் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டார். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் புரளுகிற சத்தம் கேட்டது. மஸ்கட்டு, மஸ்கட்டு, என்னடி செய்யறது நாம, என்று முனகினார். மாடு திரும்பியது. பனியனுக்கு வெளியே தெரிந்த தோளை, கழுத்தை, காதுக்குப் பின்னால் என்று சொரசொரவென்ற நாக்கால் நக்க ஆரம்பித்தது. நக்கட்டும் என்று இருந்தார். கை மட்டும், பழகின கை, அதுபாட்டுக்குக் கன்று விட்ட காம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது, குழந்தை விரலைப் பிடித்துக்கொள்கிறதே அந்த மாதிரி. கால் பாதத்தில் ஏதோ சூடாக விழுந்தது. மூத்திரமாக்கும் என்று நினைத்தார்.

"அப்பா, பால்!" என்று வெண்ணிலா கத்தினாள். உருண்டு கிடந்த வாளியை ஓடிப்போய் எடுத்து, பைப்பில் ஒரு அலசு அலசிக் கொண்டுவந்து கீழே வைத்தாள். சர், சர் என்று வாளி அடியில் பால் அடித்தது. அவருக்குப் புரியவில்லை. சேலை இல்லை, ஒன்றுமில்லை, வெறும் பனியன், வெறும் அருணகிரி. மாடு அசை போட்டுக்கொண்டு நிற்கிறது, அவசரமே இல்லாமல் விடுகிறது, கன்று ஒரு பக்கம் குடிக்க இவர் ஒரு பக்கம் கறக்க. இரண்டு கையாலும் இழுத்தார்.

வெண்ணிலா பக்கத்தில் குந்திக்கொண்டாள். "அப்பா, நான் மோந்து பாத்துட்டுத்தாம்ப்பா போட்டேன்." வேலியில் கிடந்த சேலையைப் பார்த்தாள். "தனபாக்கியம் அத்தை சொன்னாங்க, நீங்க இன்னும் அதைத்தான் போத்திக்கிறீங்கன்னு. அம்மா வாசனை இருக்கும்னுதான் நேத்து ராத்திரி எடுத்தேன். மூஞ்சியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இங்கயேதான் உக்காந்திருந்தேன். இல்லப்பா. ஒரு துளிகூட இல்ல. முழுக்க உங்க வேர்வைதான். இருந்திருந்தா நான் தண்ணியில போடுவேனா? எனக்கும் அம்மாதானேப்பா."

அவர் கறந்துகொண்டேயிருந்தார். நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. அப்படியானால் எந்த விடிகாலையில் அவள் அந்தச் சேலையை விட்டுப் போனாள்? மாடு வற்றி நின்ற அந்த இரண்டு மாசத்திலா? கன்று போட்ட அன்றைக்கா? தினமும் போர்த்திக்கொண்டு, மூக்கில் வைத்து, இருக்கிறாள், இருக்கிறாள் என்று இவர் நினைத்ததெல்லாம் இவருடைய சொந்த வேர்வையையா? இந்த மாட்டுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லாமல், இவருக்குத்தான், இந்த மீசைக்காரருக்குத்தான், அத்தனை நாளும் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது அவருக்கு, பொய் சொல்லக் கூடாது, நெஞ்சு நிறைய சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் செங்கமலம் இப்போதுதான், இந்த நிமிஷம்தான், வாசலைத் தாண்டிப் போகிறாள்போல இருந்தது. மகளுக்கு முன்னால் அழக்கூடாது என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. அழுதார். மூக்கைத் துடைக்கக் கை ஒழியவில்லை, வெண்ணிலாதான் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

வாளியில் நுரை ஏறிக்கொண்டு வந்தது. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போடுகிற சத்தம், பாலுக்கு வந்திருப்பார்கள்.

"தரகருக்குப் போன் போடணுமாப்பா?" என்று கேட்டாள்.

"சும்மா இரு." வாளியை இந்தப் பக்கம் நகர்த்தி, பின்காம்பைப் பிடித்தார். அப்புறம் வேலியைப் பார்த்தார். அரக்குச் சேலை முள்ளில் மாட்டிக்கொண்டு தொங்கியது, நல்ல சேலை, சாயம்கூடப் போகவில்லை. "அதைக் கிழியாம எடும்மா. நல்லாக் காயப்போட்டு மடிச்சு நீ எடுத்துட்டுப் போ. உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"நீங்க?"

"நான் எப்படி வர்றது? இவ எங்கிட்டதாம்மா பால் விடுறா."